மலேசியாவும் ஒரு தப்புப் பட்டியலும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஆனாலும் அங்கிருந்து போன் என்றால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. பேசியவள் ரேவதி. மாவட்டக் காவல் அலுவலகத்தின் வெளிநாட்டவர் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த எழுத்தர் நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள்.

"மேடம், பழைய பைலையெல்லாம் ஸ்கேன் பண்ணிகினு இருக்கோம். ஒரு பைல்ல மொதப் பக்கத்துலயே 'நாங்கள் செய்த தப்புகள்'னு தலைப்பு போட்டு, வரிசையா நம்பர் போட்டு எழுதியிருக்கு. இது எந்தப் பாரம்? கம்ப்யூட்டர் பாரம் நம்பர் கேக்குது."

"அதுக்கு நம்பர் கெடையாதும்மா."

"நம்பர் இல்லாம உள்ள போவாது மேடம். அப்புறம்..." என்று இழுத்தாள். "ஏழாவது தப்புல உங்க பேரு இருக்கு."

இருக்கும். என் கையால் நானே எழுதியது. அந்தப் பைலின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவளுடைய மதியச் சாப்பாடு ஆறிவிடும் என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு சூப்பிரண்டு, ஒரு குரங்கு, ஒரு மாமியார் என்று எல்லோரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

நான் ஆரணிக்காரி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, அரசுத் தேர்வு எழுதி, வேலூரில் பயிற்சி முடித்தேன். கண்ணமங்கலம் வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்த அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கால் வலித்தது. பிறகு பல பிரிவுகளில் உருண்டு புரண்டு, கடைசியில் வெளிநாட்டவர் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். பெயரைக் கேட்டு என் வீட்டுக்காரர், ஏதோ என்னை லண்டனுக்கே மாற்றிவிட்டது போலப் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்களிடம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு பீரோ, ஒரு சூப்பிரண்டு.

எங்கள் மாவட்டத் தலைநகரம் மலை சுற்ற ஜனங்கள் வருகிற ஊர். வெளிநாட்டுக்காரர்களும் கூட்டமாக வருவார்கள். அவர்கள் எங்கே தங்கினாலும், தங்கவைத்தவர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எங்களுக்கு சி பாரம் அனுப்ப வேண்டும். யார், எந்த நாடு, எத்தனை நாள், எதற்காக வந்தார் என்று அதில் இருக்கும். ஒருமுறை ஒரு லாட்ஜ் மேனேஜர் 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் 'மோட்சம்' என்றும், 'தங்கும் நாட்கள்' என்ற இடத்தில் 'பதினைந்து' என்றும் எழுதி அனுப்பியிருந்தார். சூப்பிரண்டு அவருக்கு போன் போட்டு, கொஞ்சமும் சிரிக்காமல், "பதினஞ்சு நாள்ல கெடைக்கலன்னா நீட்டிப்புக்கு மனு குடுப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அவர்தான் தணிகாசலம் சார். ஒல்லியான ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பென்சிலை அரை பிளேடால் சீவுவார், தூளை ஒரு தாளில் பிடித்து மடித்துப் போடுவார். கான்ஸ்டபிள் முதல் காபி கொண்டுவருகிறவர் வரை எல்லோரையும் 'வாங்க, போங்க'தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் முன்னால் கதை சொல்ல மட்டும் முடியாது. மனுவோடு வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு "சார், இன்னா நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"சொல்லாதீங்க, எழுதுங்க. வாய் வளைஞ்சுகினு போவும். கை அவ்ளோ ஜல்தியா வளையாது."

ஒரு பெஞ்சைக் காட்டுவார், ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பார், ஒரு வெள்ளைத் தாளில் மூன்றில் ஒரு பங்கு ஓரம் மடித்துக் கொடுப்பார். மனுதாரர் முதலில் எழுத வேண்டியது என்ன வேண்டும் என்பதை அல்ல. என்னென்ன தப்பு செய்தேன் என்பதை. அதுதான் ரேவதி கண்டெடுத்த தப்புப் பட்டியல். அரசாங்கம் எதிலும் அதைக் கேட்கவில்லை. தணிகாசலம் சார் கேட்டார்.

சேர்ந்த புதிதில் நான் கேட்டேன், "ஏன் சார், நாமளே காட்டிக் குடுக்கறாமாதிரி இருக்காதா?"

"மேல இருக்கறவர் பைலைத் தொறந்தா இன்னா தேடுவாரு? தப்பைத்தான் தேடுவாரு. நடுவுல எங்கியாவது கெடைச்சிதுன்னா, கண்டுபுடிச்ச சந்தோஷத்துல முழுசையும் தூக்கிப் போட்டுடுவாரு. மொதப் பக்கத்துலயே எல்லாத்தையும் வெச்சிட்டா, அவருக்குத் தேட ஒண்ணும் இல்ல. அப்புறம் படிக்க ஆரம்பிப்பாரு."

இதில் எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு குரங்கினால். மலைப்பாதையில் ஒரு நெதர்லாந்துக்காரரின் தோள்பையைக் குரங்கு பிடுங்கி, பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மரமேறிவிட்டது. விசா முடிய நான்கு நாள்தான் இருந்தது. மனிதர் அழாத குறை. தணிகாசலம் சார் பெஞ்சைக் காட்டினார். அவர் ஒரு மணி நேரம் யோசித்து, ஆங்கிலத்தில் ஒரே ஒரு தப்பு எழுதினார்: குரங்குக்கு வாழைப்பழத்தைக் காட்டிவிட்டு, கொடுக்காமல் நானே தின்றேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்து அன்றைக்கே நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். எத்தனை பக்கம் கதை எழுதியிருந்தாலும் அது நடந்திருக்காது.

இனி மலேசியா.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாதவன் பாவம் செய்தவன். பக்கத்துத் தெருவில் 'பாம்பே' என்று ஒருவர் இருக்கிறார், போளூரைத் தாண்டியதில்லை. 'கலெக்டர்' என்று ஒருவர் ரைஸ்மில்லில் மூட்டை எண்ணுகிறார். ஆகவே எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நெசவுக்காரர் வடிவேலு வீட்டு மாப்பிள்ளையை ஊரே 'மலேசியா' என்று கூப்பிட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. லுங்கி கட்டிக்கொண்டு காலையில் இட்லிமாவு வாங்க நிற்பார். பேச்சுக்குப் பேச்சு கடைசியில் ஒரு 'லா' சேர்ப்பார். "வெலை ஏத்திட்டாங்கலா." நாக்கு அப்படி, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வெளிநாட்டவர்களைக் கணக்கெடுத்துவிட்டு வந்த நான், மாவுக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வெளிநாட்டவரைப் பார்த்து, "மலேசியா, கொஞ்சம் நவுருப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், அவர் வாசலில் நிற்கிறார். மனைவி மஞ்சுளாவும் கூட.

"அக்கா, நீங்க பாஸ்போர்ட் ஆபீஸ்லதானே?"

இல்லை என்று விளக்கிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. "சொல்லுப்பா" என்றேன்.

"அம்மா விழுந்துட்டாங்கக்கா. இடுப்பு எலும்பு. தங்கச்சி வீடியோல காட்டறா. அம்மா வேற ஒண்ணும் கேக்கலை, 'தம்பி எப்ப வரான்'னு மட்டும்தான் கேக்கறாங்க. ஒரு தடவை பாத்துட்டு வந்துடணும்லா."

"போயிட்டு வாயேன். இதுல இன்னா?"

"பாஸ்போர்ட் முடிஞ்சு போச்சுக்கா."

"புதுப்பிச்சுக்கோ. ஆன்லைன்லயே பண்ணலாம்."

மஞ்சுளா தரையைப் பார்த்தாள். அவர் மெதுவாகச் சொன்னார்: "அது இந்தியா பாஸ்போர்ட் இல்லக்கா."

என் கையில் இருந்த பைபிளை நாற்காலியில் வைத்தேன். பிறகு மெல்ல மெல்ல, எட்டு வருடமாகக் கேட்ட மலேசிய 'லா'க்கள் எல்லாம் ஒன்றாக என் காதில் கேட்டன.

பெயர் ரவீந்திரன். ஊர் ஈப்போ. பத்தொன்பது வருடத்துக்கு முன், தங்கை கல்யாணத்துக்கு ஆரணிப் பட்டு வாங்க, ஒரு மாத விசாவில் வந்திருக்கிறார். கடையில் தொங்குவது பிடிக்கவில்லை. தங்கை கேட்ட நிறம் வேண்டும், தறியிலேயே போட்டு வாங்க வேண்டும் என்று வடிவேலுவிடம் வந்தார். வடிவேலு சொன்னது: "பத்தே நாள். கையில வாங்கிகினு போயிடலாம்."

ஆரணியில் பிறந்தவர்களுக்கு இந்தப் பத்து நாளின் அர்த்தம் தெரியும். 'முயற்சி பண்ணுகிறேன்' என்பதைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். ஈப்போக்காரருக்குத் தெரியவில்லை. பத்தாம் நாள் போனார். சாயம் போட்டது காயவில்லை. இருபதாம் நாள் போனார். தெருவில் ஒரு சாவு, தறி நின்றது. பிறகு ஜரிகை வரவில்லை. பிறகு, "இன்னும் ரெண்டு முழம்தான் பாக்கி, ஒக்காருங்க." உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் தினமும் காபி கொண்டுவந்து கொடுத்தது மஞ்சுளா. விசா முடிந்தது. ஈப்போவில் தங்கை வேறு சேலை கட்டிக் கல்யாணமும் செய்துகொண்டாள். சேலை இல்லாமல் என்ன முகத்தோடு போவது என்று இவர் இங்கேயே நின்றார். கடைசியில் அந்தச் சேலை தறியிலிருந்து இறங்கியது இவருடைய கல்யாணத்துக்கு, மஞ்சுளாவுக்காக. காலக்கெடு தாண்டித் தங்கியவர்கள் சொல்லும் காரணங்களை என் சர்வீஸில் நிறையப் படித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் படித்ததில்லை.

"வேலூர்ல ஒரு ஏஜெண்ட் இருக்காருக்கா," என்றாள் மஞ்சுளா. "இவருக்கு ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டர் கார்டு இருக்கு. அத வெச்சி இந்தியா பாஸ்போர்ட்டே எடுத்துடலாம்னாரு."

"ரேஷன் கார்டா? எப்படி?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது எங்க அம்மா போட்டதுக்கா," என்றாள் மஞ்சுளா.

அந்தக் கார்டைப் பிறகு பார்த்தேன். குடும்பத் தலைவி கன்னியம்மா. மகள் மஞ்சுளா. மகன் ரவீந்திரன். அரசாங்கக் கணக்கில் புருஷனும் பெண்டாட்டியும் அண்ணன் தங்கை. பெயர் சேர்க்கப் போன இடத்தில் 'மருமகன்' என்று எழுத வந்தவரைக் கன்னியம்மா தடுத்தாராம். "மருமவன்னு எழுதினா எந்நாளும் விருந்தாளிங்க. மகன்னு எழுதுங்க, அப்பதான் வீட்டு ஆளு." அந்தக் கார்டைக் காட்டி வாக்காளர் அட்டையும் வந்துவிட்டது.

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தணிகாசலம் சாரிடம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சார், எங்க தெருப்பக்கம் ஒருத்தரு..." என்றேன்.

"சொல்லாதீங்க மேடம்," என்றார், "எழுதுங்க."

பெஞ்சில் ரவீந்திரன் ஒரு தாள், பக்கத்தில் நான் ஒரு தாள். அவர் ஆறு தப்பு எழுதினார். விசா முடிந்தும் போகவில்லை. எங்கும் பதியவில்லை. பாஸ்போர்ட்டை, மாமனார் சேலை டிசைன் அட்டைகள் போட்டுவைக்கும் பெட்டிக்குள் வைத்தேன், எலி ஒரு மூலையைத் தின்றது. ரேஷன் கார்டில் மகன் என்று இருப்பது தெரிந்தும் சும்மா இருந்தேன். வாக்காளர் அட்டை வாங்கினேன். அம்மாவுக்கு வருஷா வருஷம் 'அடுத்த மாசம் வரேன்' என்று பொய் சொன்னேன். ஏழாவதை நான் எழுதினேன்: 'எட்டு வருடமாக இப்பிரிவின் எழுத்தராக இருக்கும் நான் இவரை வாரம் ஒருமுறையாவது பார்த்திருக்கிறேன். மலேசியா என்று கூப்பிட்டும் இருக்கிறேன். மலேசியாவிலிருந்து வந்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெயசீலி.'

தணிகாசலம் சார் இரண்டு முறை படித்தார். அவர் மீசை ஒருமுறை அசைந்தது. ஐந்தாவதில் பென்சிலை வைத்தார்.

"ஓட்டுப் போட்டீங்களா?"

"இல்ல சார். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் எனக்கு வயித்து வலி வந்துடும். அத்தை கஷாயம் போட்டுக் குடுப்பாங்க."

"எத்தனை தடவை குடிச்சீங்க?"

"அஞ்சு தடவை இருக்கும் சார். ரொம்பக் கசக்கும்லா."

"அதையும் எழுதுங்க. இந்தப் பைல்ல நல்லதா இருக்கறது அது ஒண்ணுதான்."

பிறகு அவருக்கே உரிய முறையில், மூன்று வாசல் என்று சொல்லி விளக்கினார். பின்வாசல் ஒன்று: அபராதம் கட்டி, நாட்டை விட்டுப் போகும் அனுமதி வாங்கிப் போகலாம். ஆனால் பத்தொன்பது வருடம் தாண்டித் தங்கியவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறினால், திரும்பி வருவது யார் கையில் என்று சொல்ல முடியாது. பக்கவாசல்: இந்தியக் குடிமகளின் கணவர் என்ற முறையில், தப்பை மன்னித்து, அபராதத்தோடு தங்குவதை முறைப்படுத்தி, விசாவை மாற்றித் தரும்படி மேலிடத்துக்கு எழுதலாம். கிடைத்தால் போகலாம், வரலாம். முன்வாசலான குடியுரிமை அதற்கும் அப்பால், பல வருடம் கழித்து. இதெல்லாம் அன்றைக்கு எங்கள் மேசையில் இருந்த வழிகள். ரேவதி, இப்போது விதி மாறியிருக்கும், நீ புதிதாகப் பார்த்துக்கொள்.

"ஏஜெண்ட் சொன்ன வாசல்?" என்று கேட்டார் ரவீந்திரன், தயங்கித் தயங்கி.

"அது வாசல் இல்லீங்க, ஜன்னல். குதிச்சிட்டு ஓடலாம். அப்புறம் அந்த வீட்டுக்கு நீங்க திருடன்."

ரவீந்திரன் மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். ஜன்னல் வழியாகப் போயிருந்தால் அந்த மாதமே அம்மாவைப் பார்த்திருக்கலாம். "பக்கவாசல் சார்" என்றார் கடைசியில்.

பக்கவாசலுக்கு முதல் சாவி, கணவர் என்று நிரூபிப்பது. கோயிலில் நடந்த கல்யாணம், எங்கும் பதிவாகவில்லை. பதியப் போனால் அங்கிருந்தவர் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு, "அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பதியறதில்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாணப் பத்திரிகையைக் காட்டினார்கள். மணமகன் பெயருக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'மலேசியா' என்று இருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு மறைந்து வாழ்ந்தவர் பத்திரிகை அடித்து ஊருக்கே கொடுத்திருக்கிறார். ஆனாலும் கார்டு கார்டுதான். அதைத் திருத்த வேண்டுமானால் குடும்பத் தலைவி கன்னியம்மா, ரவீந்திரன் என் மகன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். கன்னியம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

நான் போய்க் கேட்டேன். முடியாது. மஞ்சுளா அழுதாள். முடியாது. இரண்டு வாரம் போனது. ஈப்போவிலிருந்து வரும் வீடியோவில் ரவீந்திரனின் அம்மா லெட்சுமி அம்மாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வாரம் எங்கள் பிரிவு இன்ஸ்பெக்டர் ஐயா நேரடி விசாரணைக்கு ஆரணிக்குக் கிளம்பியபோது, வர வேண்டிய அவசியமே இல்லாத தணிகாசலம் சாரும் என்னோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மா தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா ரவீந்திரனின் வாக்குமூலத்தை வாங்க வெளியே உட்கார்ந்தார். தணிகாசலம் சார் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி கொண்டுவந்த மஞ்சுளாவைக் கையமர்த்தினார்.

"அம்மா, நெய்யுங்க. நெய்ஞ்சிகினே பேசுங்க."

"பேச ஒண்ணும் இல்லீங்க. என் வாயால அவன் என் மவன் இல்லன்னு வராது."

"சட்டத்துக்குத்தான்மா. வீட்டுல யாரு வேணாம்னாங்க?"

தறி நின்றது. கன்னியம்மா குழியிலிருந்தபடியே சாரை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு செத்தப்ப கொள்ளி வெச்சது யாருன்னு நெனைக்கறீங்க? எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. பங்காளிங்க நான் வெக்கறேன், நான் வெக்கறேன்னு அடிச்சிகினு நின்னாங்க. சொத்து கேக்க வருவானுங்க, எல்லாம் தெரியும். இவன்தான் ஒண்ணும் கேக்காம மொட்டை அடிச்சிகினு, பானையத் தூக்கிகினு போனான். கொள்ளி வெச்சவன மவன் இல்லன்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு எனக்கு வாய்க்கரிசி போட யாருங்க வருவா? நீங்க வருவீங்களா?"

தணிகாசலம் சார் தரையில் கிடந்த ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினார். இத்தனை நாள் இந்த அம்மாளைப் பிடிவாதக்காரி என்று பஸ்ஸில் திட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

கன்னியம்மா குரலைத் தாழ்த்தினார். "அங்க பெத்தவ இருக்கா. பாத்தா மனசு அங்கியே நின்னுடும். எங்க காகிதத்துலயாவது இங்க மவனா இருந்தான்னா, ஒரு கயிறு இருக்கும்."

அதுதான் விஷயம். சட்டமும் இல்லை, சடங்கும் இல்லை. போனால் வருவானா என்ற பயம்.

தணிகாசலம் சார் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஓரம் மடித்தார். யாரையும் கேட்காமல் எழுத ஆரம்பித்தார். முடித்துவிட்டு உரக்கப் படித்தார். "ரவீந்திரனை நான் பெறவில்லை. ஈப்போவில் இருக்கும் லெட்சுமி அம்மாள் பெற்றார். அவர் என் மகள் மஞ்சுளாவின் கணவர். என் கணவருக்குக் கொள்ளி வைத்தவரும் அவரே. குடும்ப அட்டையில் மகன் என்று எழுதச் சொன்னது நான்தான். அது என் தப்பு."

"தப்புன்னு எழுதாதீங்க."

"அம்மா, தப்புப் பட்டியல்ல தப்பு இல்லாம எப்படிம்மா?"

"யாருக்குத் தப்பு?"

சார் கொஞ்சம் யோசித்து, பென்சிலை எடுத்து 'தப்பு' என்பதற்கு முன்னால் 'சட்டப்படி' என்று சேர்த்தார். கன்னியம்மா அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப சட்டத்துக்கு மட்டும்தான் தப்பு?"

"சட்டத்துக்கு மட்டும்தான்."

"சரி, குடுங்க." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கன்னியம்மா என்று எழுதினார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: "வந்துடுவான் இல்ல?"

"அதுக்கு என்கிட்ட பாரம் இல்லம்மா" என்றார் தணிகாசலம் சார்.

அதன்பிறகு காகிதங்கள் நகர்ந்தன. நகர்ந்தன என்றால் எங்கள் துறையில் நகரும் வேகத்தில். கார்டு திருந்தியது, கல்யாணம் பதிவானது, வாக்காளர் அட்டை சரணடைந்தது, எலி தின்ற பாஸ்போர்ட்டைக் காட்டிச் சென்னையில் மலேசியத் தூதரகத்தில் புதியது வாங்கினார். எட்டுத் தப்போடும் இரண்டு பக்க வேண்டுகோளோடும் பைல் மேலே போனது. எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது: அபராதம், எச்சரிக்கை, கணவர் என்ற முறையில் விசா, போய்த் திரும்பி வர அனுமதி. கீழே யாரோ ஒரு பெரிய அதிகாரி பச்சை மையில் சிறியதாக எழுதியிருந்தார்: 'கஷாயம் கவனிக்கப்பட்டது.'

அப்போது தணிகாசலம் சார் ஓய்வு பெற்றுக் காட்பாடியில் இருந்தார். போனில் சொன்னேன். "போவட்டும், வரட்டும். அப்புறம் சந்தோஷப்படலாம்" என்றார்.

ரவீந்திரன் ஒரு மாதத்துக்குப் போனார். அந்த மாதம் கன்னியம்மா தினமும் காலையில் மாவுக்கடை வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் கேட்க மாட்டார். "இன்னைக்கு இன்னா தேதி?" என்று மட்டும் கேட்பார். நானும் கையெழுத்துப் போட்டவள், எனக்கும் பேஜார்தான். சொல்லுவேன். இருபத்தாறாம் நாள் மாவுக்கடையில் அவருடைய இடத்தில் லுங்கியோடு ரவீந்திரன் நின்றார்.

"நாலு நாள் இருக்கேப்பா, அதுக்குள்ள வந்துட்டே?"

"ஈப்போ அம்மாதான்கா தொரத்திட்டாங்க. ஒரு அம்மாகிட்ட பத்தொம்பது வருஷம் பொய் சொன்னது போதும்லா, ஆரணி அம்மாவாவது நம்பட்டும், சீக்கிரமா போன்னாங்க."

கன்னியம்மா அன்று வீட்டில் என்ன செய்தார் என்று மஞ்சுளா சொன்னாள். கஷாயம் போட்டுக் கொடுத்தாராம், வயிற்று வலி இல்லாமலே. அவரும் கேட்காமல் குடித்தாராம்.

ரேவதி, கதை இங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் போன வாரம் ரவீந்திரன் வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். லெட்சுமி அம்மாள் ஈப்போவிலிருந்து வந்திருக்கிறார், கைத்தடியோடு, முறையாக ஒரு மாத விசாவில். வீட்டில் வெளிநாட்டவர் தங்கினால் சி பாரம் அனுப்ப வேண்டுமே, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்குமா, போனேன்.

இரண்டு அம்மாக்களும் ஒரே பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரிகிறது, அதனால் இருவரும் இரண்டு மடங்கு பேசினார்கள். நான் பாரத்தைப் பிரித்து, "வந்த நோக்கம்?" என்று கேட்டேன்.

"மகனப் பாக்க" என்றார் லெட்சுமி அம்மாள்.

"எங்க ரெண்டு பேரு மவன்னு எழுதுங்க" என்றார் கன்னியம்மா. அதற்கு இடம் போதாது என்றேன். ஓரத்தில் எழுதுங்கள் என்றார். எழுதினேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. தறி அறையில் மஞ்சுளா புதுச் சேலைக்குப் பாவு நூல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நல்ல கிளிப்பச்சை.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"சம்மந்தியம்மாவுக்குத்தான்," என்றார் கன்னியம்மா பெருமையாக. "வெறுங்கையா அனுப்ப முடியுமா? பத்தே நாள். கையில வாங்கிகினு போயிடலாம்."

லெட்சுமி அம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டினார். ரவீந்திரன் என்னைப் பார்த்தார். நான் ரவீந்திரனைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு ஓரம் மடித்து வைத்திருக்கிறேன்.